நட்டைத் தொடாத பாய்

மோட்டார் வாகனச் சட்டம், 1988, பிரிவு 52: பதிவுச் சான்றிதழில் கண்ட விவரங்களுக்கு மாறுபடும் வகையில் எந்த உரிமையாளரும் தன் வாகனத்தை மாற்றியமைக்கக் கூடாது. இதோடு, பதிவெண் பலகையை எதைக் கொண்டும் மறைக்கக் கூடாது என்ற விதியையும் சேர்த்துப் படிக்க வேண்டும். போக்குவரத்துத் துறையில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இரண்டையும் ஒப்பிப்பேன். யாரும் எழுப்பிக் கேட்டதில்லை. விழித்திருக்கும்போதும் கேட்டதில்லை, ஒருவரைத் தவிர.

அவர் கோட்டக்குப்பத்துக்காரர். வளைகுடாவில் பல வருடம் இருந்துவிட்டு வந்து, பழைய வெள்ளை அம்பாசடர் ஒன்றை வாங்கி வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். அவருக்குப் பெயர் இருந்தது. பதிவுச் சான்றில் பார்த்திருக்கிறேன். ஆனால் மரக்காணத்தில் எல்லோருக்கும் அவர் பாய்தான். எங்கே நின்றாலும் இப்போதுதான் ஒரு பாரத்தை இறக்கிவைத்தவர் மாதிரி, தோள்கள் தொங்க நிற்பார். அடுத்த பாரம் எங்கே என்று தேடுகிற கண்கள்.

காரின் பின்னால், டிக்கிக்கு வெளியே, இரும்புப் பட்டைகளால் ஒரு தட்டு. சக்கரங்கள் உட்கார வாய்க்கால் மாதிரி இரண்டு பள்ளங்கள், சாய்ந்துகொள்ள ஒரு முதுகு, கட்டுவதற்கு டியூப் ரப்பர். அவ்வளவுதான். ‘பின்தட்டு’ என்பார். அதைக் காரோடு சேர்த்து வெல்டிங் வைத்திருந்தார். நட்டு, போல்ட் ஒன்றுகூடக் கிடையாது. ஒரு சைக்கிளை ஏற்றியதும் பதிவெண் பலகை மறைந்துவிடும். நான் மேலே சொன்ன சட்டமும் மறைந்துவிடும்.

எதற்காக அந்தத் தட்டு என்று சொல்ல வேண்டும். என் வீடு கிழக்குக் கடற்கரைச் சாலையில், உப்பளங்கள் தொடங்குகிற இடத்தில் இருக்கிறது. குயிலாப்பாளையம் பக்கம் தங்கியிருக்கும் வெள்ளைக்காரர்கள் வார இறுதியில் விடியற்காலை சைக்கிளை எடுத்துக்கொண்டு வடக்கே கிளம்புவார்கள். கோடையில் காற்று தெற்கிலிருந்து அடிக்கும். முதுகில் கை வைத்துத் தள்ளுவதுபோல அது அவர்களை மரக்காணம் வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிடும். தங்கள் காலில்தான் இவ்வளவு பலம் என்று நினைத்துக்கொண்டு, உப்புக் குவியல்களைப் படமெடுத்துவிட்டுத் திரும்பும்போது, அதே காற்று முகத்தில் அறையும். வெயிலும் ஏறியிருக்கும். என் கேட்டுக்கு வெளியே இருக்கும் புங்கமரத்தடியில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். பாய்க்கு போன் போகும். இது பிழைப்பா என்று கேட்டால், காற்று உள்ளவரை பிழைப்புதான்.

வரும் சைக்கிள்கள் ஒன்றும் நம் ஊர் சைக்கிள் மாதிரி இருக்காது. நடுவில் கம்பியே இல்லாமல் வளைந்து இறங்குவது ஒன்று. படுத்துக்கொண்டு மிதிப்பது ஒன்று. இரண்டு பேர் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து மிதிக்கிற நீள வண்டி ஒன்று. அதை ஓட்டி வந்த கணவனும் மனைவியும் என் மரத்தடியில் ஆளுக்கொரு பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்கள். வெளிநாட்டுக் கேரியர்கள் எல்லாம் சைக்கிளின் நடுக் கம்பியைப் பிடித்துத் தொங்கவிடுகிறவை. நடுக் கம்பி இல்லாத சைக்கிளை எங்கே பிடிப்பது? மற்ற டிரைவர்கள் முன்சக்கரத்தைக் கழற்றி, ஹேண்டில்பாரைத் திருப்பி, டிக்கியில் திணித்துக்கொண்டு போவார்கள். பாய் கழற்றமாட்டார்.

அவரை நான் முதலில் கவனித்ததே ஒரு சண்டையில்தான். 2004ஆம் வருடக் கோடை. உயரமான ஒரு பெண்மணி சின்னச் சக்கரங்கள் வைத்த சைக்கிளோடு நின்றிருந்தார். நாலைந்து வருடமாக இங்கே இருப்பவர், தமிழ் நன்றாகவே பேசினார். கொக்கியைத் தட்டி சைக்கிளை இரண்டாக மடித்துக் காட்டினார். பெட்டி மாதிரி ஆகிவிட்டது.

“டிக்கியில வைங்க பாய். ஈஸி.”

“மொதல்ல அத விரிங்கம்மா.”

“இது மடிக்கத்தான் செஞ்சது.”

“செஞ்சவன் இங்க வந்து பாத்தானா? இது உப்புக் காத்துங்க. மடிச்சா அந்தக் கொக்கி அப்படியே புடிச்சிக்கும். கழட்டுனா கழண்டதுதான், மடிச்சா மடிஞ்சதுதான். விரிங்க.”

“நான் தெனமும் மடிக்கிறேன்.”

“உங்க வீட்ல மடிங்க. என் வண்டியில வேணாம்.”

மடிப்பதற்காகவே செய்த சைக்கிள், மடிக்கப்படாமல், நிமிர்ந்த நிலையில் பின்தட்டில் ஏறி உட்கார்ந்து ஊர் போய்ச் சேர்ந்தது. அந்த அம்மாள் கார் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துத் தோளைக் குலுக்கினார். நானும் என் பணிக்காலம் முழுவதும் பலரைப் பார்த்து அப்படித்தான் குலுக்கியிருக்கிறேன்.

உப்புக் காற்று பற்றி அவர் சொன்னது பொய்யில்லை. என் வீட்டு கேட்டின் கீலை வருடத்துக்கு ஒரு முறை மாற்றுகிறேன். ஆனால் பாய் அதை ஒரு கொள்கையாகவே வைத்திருந்தார். காரின் கார்புரேட்டர் இருமிக்கொண்டே இருக்கும், மெக்கானிக் ஸ்பேனரோடு குனிந்தால், “ஓடுறத எதுக்குத் தொறக்கணும்?” என்று போனெட்டை மூடிவிடுவார். அவருடைய குடையில் ஒரு மழைக்காலத்தில் பொத்தான் துருப்பிடித்து, விரித்த குடை மடங்க மறுத்தது. வேறு யாராவது இருந்தால் அழுத்தி மடக்கியிருப்பார்கள், அல்லது தூக்கி எறிந்திருப்பார்கள். பாய் அதை விரித்தபடியே பின் சீட்டில் வைத்துக்கொண்டு ஒரு வருடம் கார் ஓட்டினார். சவாரி ஏறுகிறவர்கள் குடைக்கு இடம் விட்டு ஒதுங்கி உட்கார்ந்தார்கள்.

நான் துறையில் இருந்தவன் என்று தெரிந்த நாளிலிருந்து, சைக்கிள்காரர்களுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் என்னிடம் சட்டம் கேட்பார். ஒருவர் சட்டம் கேட்டால் எனக்கு மறுக்கத் தெரியாது. தட்டைப் பற்றி எச்சரித்தேன். வெல்டிங்கை எடுத்துவிட்டு நாலு போல்ட் வைக்கச் சொன்னேன். தகுதிச் சான்று வாங்கப் போகும்போது கழற்றி வைத்துவிட்டுப் போகலாம், வாங்கி வந்ததும் மாட்டிக்கொள்ளலாம். ஊரில் எல்லோரும் செய்வது அதுதான். நான் பணியில் இருந்தபோது, அலுவலகத்துக்கு எதிரே இருந்த டீக்கடையின் பின்பக்கம், கழற்றி வைத்த கேரியர்களும் ஹாரன்களும் ஆய்வு முடியும் வரை குவிந்து கிடக்கும். எங்களுக்கும் தெரியும். டீ குடிக்கப் போகிறவர்கள்தானே நாங்கள்.

“போல்ட்டு வச்சா கழட்டச் சொல்லுவாங்க சார்,” என்றார் பாய்.

“கழட்டத்தான் போல்ட்டு.”

“அதாங்க வேணாம்னு சொல்றேன்.”

ஒரு முறை அலுப்பில் கேட்டுவிட்டேன்: “அப்படி என்னய்யா உமக்கு நட்டு மேல கோவம்? வளைகுடாவுல என்ன வேலை பாத்தீர்?”

“கழட்டுற வேலைதாங்க. ஷார்ஜாவுல, சனாயான்னு சொல்லுவாங்க, பட்டறைங்க இருக்குற ஏரியா. அங்க அடிபட்ட காரு, பழைய காரு எல்லாம் வரும். கதவு தனி, இஞ்சின் தனி, சீட்டு தனின்னு கழட்டிப் போடணும். ஒம்போது வருசம். போதுங்க.”

போதும் என்றால் போதும்தான். நான் மேலே கேட்கவில்லை.

அந்த வருட டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்தது. அதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். பாத்திகளில் சேறு ஏறி, வேலை நின்று, சைக்கிள்காரர்களும் பல மாதம் இந்தப் பக்கம் வரவில்லை. நிவாரணம் கொடுக்க வந்த கார்கள்தான் வந்தன. அந்த நிவாரணத்தின் ஓரத்தில்தான் அஞ்சலைக்கு அவளுடைய வண்டி கிடைத்தது.

அஞ்சலை உப்பளக் கூலிக் குடும்பத்துப் பெண். இருபதைத் தாண்டியவள். சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இரண்டு காலும் சூம்பிவிட்டன. அதுவரை அவளை அப்பாவோ அண்ணனோதான் தூக்கிக்கொண்டு போவார்கள். பள்ளிக்கூடத்துக்கு, கோயிலுக்கு, எல்லா இடத்துக்கும். கையால் சுற்றி ஓட்டுகிற மூன்று சக்கர வண்டி வந்த அன்று ஏறி உட்கார்ந்தவள், இனிமேல் யாரும் தன்னைத் தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். சொன்னபடி இருந்தாள். வண்டியிலிருந்து தானே இறங்குவாள், தானே ஏறுவாள். யாராவது கை நீட்டினால், “கைய எடுங்க, சூடு வச்சிடுவேன்,” என்பாள். எங்கள் தெருவுக்கு அவள் வாய் நன்றாகப் பழகிவிட்டது.

2005இல் கோட்டக்குப்பம் பக்கம் ஒரு பயிற்சி நிலையத்தில் தட்டச்சு, கணினி இரண்டுக்கும் சேர்த்து ஒரு வருடப் பயிற்சியில் அவளுக்கு இடம் கிடைத்தது. முதல் வகுப்பில் தேறுகிறவர்களைத் தட்டச்சர் வேலைக்கு நேரடியாகக் கூப்பிடுவார்கள். இரண்டாம் வகுப்பு என்றால் சான்றிதழை வீட்டில் மாட்டிக்கொள்ளலாம். வார நாட்களில் ஹாஸ்டல் உண்டு. சனி, ஞாயிறு ஹாஸ்டலில் அடுப்பு எரியாது, எல்லோரும் வீட்டுக்குப் போய்விட வேண்டும். ஊனமுற்றவர்களுக்கான ஹாஸ்டலில் இந்த விதியை எழுதியவர் யார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த ஆளை எனக்கு நன்றாகத் தெரியும் என்று தோன்றுகிறது.

முதல் வாரம் அவள் ஒரு வேனில் கிளம்பினாள். வேன்காரன் வண்டியின் முன்சக்கரத்தைக் கழற்றி ஏற்றினான். பாதி வழியில் வேன் பழுதாகி, எல்லோரையும் இறக்கிவிட்டான். சக்கரத்தைத் திரும்பப் போட முயன்றபோது நட்டின் மரை தின்றுபோயிருந்தது. முன்சக்கரம் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம், அஞ்சலை சாலையோர மண்ணில் ஒரு பக்கம். அந்த வழியாக வந்த பாய் காரை நிறுத்தினார்.

“யாரும்மா இத கழட்டுனது?”

“ஏன், நீ வந்து மாட்டப் போறியா?”

பாய் போய், சைக்கிள் கடைக்காரன் ஒருவனைக் காரில் கூட்டிக்கொண்டு வந்து புது நட்டு போட வைத்தார். அடுத்த வாரமே பின்தட்டில் மூன்றாவதாக ஒரு பள்ளமும், மேலே ஒரு வளைவும் வெல்டிங் ஆகியிருந்தன. அஞ்சலையின் வண்டி அதில் செங்குத்தாக நிற்கும்; பின்சக்கரங்கள் இரண்டும் தட்டில், முன்சக்கரம் காரின் கூரைக்கு மேலே வானத்தைப் பார்த்தபடி. இறக்கினால் அந்த நிமிடமே ஓட்டலாம். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து கிளம்பி அவளை இங்கே கொண்டுவந்து விடுவார். திங்கட்கிழமை காலை கூட்டிக்கொண்டு போவார். வாடகை என்ன என்று நான் கேட்டதில்லை. அது அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உள்ள விஷயம்.

வழியெல்லாம் சண்டைதான் என்று அஞ்சலை சொல்வாள். “அந்தக் குடைய மடக்குங்க பாய், கண்ணுல குத்துது.” “மடங்காதும்மா.” “ஒடைச்சிடுங்க.” “ஒடச்சா குடையாம்மா அது?” அவளுக்கு அவரைப் பிடித்திருந்தது. இல்லாவிட்டால் இவ்வளவு பேசமாட்டாள்.

2006 ஏப்ரலில் காரின் தகுதிச் சான்று முடிகிற நேரம் வந்தது. நானும் அவரோடு அலுவலகம் போனேன். முன்பு இருந்த ஆய்வாளர் காரின் பின்பக்கம் போய்ப் பார்த்ததில்லை. இப்போது வந்திருந்தவர் இளைஞர். மரியாதை தெரிந்தவர், எனக்கு நாற்காலி போட்டார். காரைச் சுற்றி வந்தவர் பின்னால் நின்றுவிட்டார்.

“என்னா பாய் இது, கட்டிலா?”

“சைக்கிள் வைக்கிற தட்டுங்க.”

“கழட்டிட்டு கொண்டாங்க, கையெழுத்து போட்டுத் தர்றேன்.”

“கழட்ட வராதுங்க. வெல்டிங்கு.”

ஆய்வாளர் என் பக்கம் திரும்பினார். “சார், நீங்களே சொல்லுங்க. இதுக்கு நான் எப்படி சார் சான்று குடுக்கறது? நாளைக்கு ஒருத்தன் பின்னால கட்டில் வச்சிக்கிட்டு வருவான், இன்னொருத்தன் கக்கூஸ் வச்சிக்கிட்டு வருவான்.”

அவர் சொன்னது சரி. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன், நாற்காலி போடாமல்.

வெளியே வந்ததும் அறுத்துவிடச் சொன்னேன். பாய் தலையை ஆட்டவில்லை. “அந்தப் பொண்ணுக்கு பரிட்சை வருதுங்க,” என்றார். “வேற வழி ஏதும் இல்லீங்களா சார்? பேப்பர்ல?”

பேப்பரில் வழி இல்லாத விஷயம் எது? ஊனமுற்றவர் ஒருவரின் வாகனத்தை ஏற்றிச் செல்வதற்கான அமைப்பு என்பதால் தட்டை அனுமதிக்க வேண்டும் என்று, அதிகாரிக்கு ஒரு மனு, மேலிடத்துக்கு நகல், பின்தட்டின் படம், அஞ்சலையின் அடையாளச் சான்று எல்லாம் இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒப்புகை அட்டை நாலே நாளில் வந்தது. பாய்க்கு அதைப் பார்த்து ஒரே சந்தோஷம். அது பதில் இல்லை, தபாலை வாங்கிக்கொண்ட குமாஸ்தாவின் கையெழுத்து என்று விளக்க வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு எப்போது வந்தாலும் முதல் கேள்வி: “பதில் வந்துச்சுங்களா சார்?”

“வரும். மனுவுக்குப் பதில் தரணும்னு அரசாணை இருக்கு.”

“இன்ஷா அல்லா.”

அரசாணையைவிட அவருடைய வார்த்தை பொருத்தமாக இருந்தது. நினைவூட்டு எழுதினேன். நினைவூட்டுக்கு ஒப்புகை அட்டை வந்தது. ஏப்ரல் போனது. தேர்வுக்கு முந்தைய வாரங்கள் படிப்பு விடுமுறை என்று ஹாஸ்டலைப் பூட்டிவிட்டார்கள். அஞ்சலை வீட்டில் ஒரு பழைய மெஷினை வாடகைக்கு எடுத்துத் தட்டிக்கொண்டிருந்தாள். மே மாதம் பாதியில் பாயின் சான்று காலாவதி ஆனது. அடுத்த திங்கட்கிழமை அவளுக்குத் தேர்வு. அதற்குள் பதில் வருமா என்று பாய் கேட்டபோது, எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்: வராது.

வெள்ளிக்கிழமை போன் செய்தார். “அறுத்துட்டேங்க,” என்றார். கோட்டக்குப்பத்துப் பட்டறையில் அறுத்திருக்கிறார்கள். இவர் அந்தப் பக்கம் நிற்காமல் டீக்கடையில் போய் உட்கார்ந்துகொண்டாராம். தகுதிச் சான்று அன்றைக்கே கிடைத்துவிட்டது. அஞ்சலையின் வண்டிக்கு ஒரு டெம்போ பேசியிருப்பதாகவும், அது முன்னால் போக, தான் அவளைக் காரில் கூட்டிக்கொண்டு பின்னால் போவதாகவும் சொன்னார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை காலை என் கேட்டுக்கு வெளியே அஞ்சலை வண்டியில் உட்கார்ந்திருந்தாள். தலை நிறையக் கனகாம்பரம். கார் வந்துவிட்டது. பின்னால் தட்டு இருந்த இடத்தில் பெயின்ட் உரிந்த தழும்புகள். டெம்போ வரவில்லை.

பாய் திரும்பத் திரும்ப போன் போட்டார். கடைசியில் டெம்போக்காரன் எடுத்தான். வைகாசி முகூர்த்தம். எங்கேயோ மேளச் சத்தம் கேட்டது.

“ஏம்பா, வர்றேன்னு சொன்னியே?”

“பாய், மாப்ள வீட்டு சீர்வரிசை ஏத்திட்டேன் பாய். மத்தியானம் வந்துர்றேன்.”

பாய் போனைச் சட்டைப் பையில் போட்டார். வண்டியைத் தூக்கிக் கார் கூரையில் வைத்துப் பார்த்தோம். கட்டுவதற்குக் கேரியர் இல்லை, வழுக்கியது. கழற்றாமல் வைத்தால் டிக்கியில் பாதிகூட நுழையவில்லை. பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள்.

“மணி ஆவுது பாய்,” என்றாள் அஞ்சலை. “கழட்டுங்க.”

“இரும்மா, லாரி ஏதாவது வருதான்னு...”

“உப்பு லாரி எல்லாம் மெட்ராஸுக்குப் போவுது. கழட்டுங்க பாய். ஒங்க உப்புக் காத்துக் கதைய நாளைக்குச் சொல்லுங்க, கேக்குறேன்.”

அவர் என்னைப் பார்த்தார். “ஸ்பேனர் இருக்குங்களா சார்?”

மோட்டாருக்காக வைத்திருந்த பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தேன். அஞ்சலை தானே இறங்கி மரத்தடியில் உட்கார்ந்துகொண்டாள். பாய் வண்டியின் முன்னால் குந்தினார்.

அதற்குப் பிறகு நான் பார்த்ததை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. வருடக்கணக்கில் ஒரு நட்டைத் தொடாத மனிதரின் கைகள் அவை என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஸ்பேனர் அளவு பார்க்கவில்லை. கை தானே எடுத்தது. ஒரு தட்டு, ஒரு திருகு. முன்சக்கரம் வந்தது. செயின் வந்தது. கைப்பிடி வந்தது. சக்கரத்தைப் பிடித்திருந்த முன்கவை வந்தது. சீட் வந்தது. கோழியை உரிப்பவர்கள் பேசிக்கொண்டே உரிப்பார்களே, அப்படி. ஆனால் இவர் பேசவில்லை. துருப்பிடித்த நட்டுகள் ஒன்றுகூட முரண்டு பிடிக்கவில்லை. டீ ஆறுவதற்குள் அந்த வண்டி வண்டியாக இல்லை, ஒரு குவியல். உப்புக் காற்று என்னவாயிற்று என்று கேட்க வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, மூடிக்கொண்டேன். ஏதோ அசிங்கமான காரியத்தை நாலு பேர் பார்க்கச் செய்தவர் மாதிரி இருந்தது அது.

“இவ்ளோ நல்லா வருது, சும்மா பிகு பண்ணிக்கிட்டிருந்தாரு,” என்றாள் அஞ்சலை. எல்லாவற்றையும் டிக்கியில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். நேரத்துக்குப் போய்விடுவார்கள் என்று கணக்குப் போட்டு நிம்மதியாக உள்ளே வந்தேன்.

நேரத்துக்குத்தான் போயிருக்கிறார்கள். மீதியை அஞ்சலை அந்த வாரக் கடைசியில் என்னிடம் சொன்னாள்.

“நல்ல டைம் இருந்துச்சு சார். கேட்டாண்ட எல்லாத்தையும் எறக்கி வச்சாரு. நான் காருக்குள்ள ஒக்காந்து பாக்குறேன். சக்கரத்த எடுக்குறாரு, வைக்குறாரு. கவைய எடுத்துத் திருப்பிப் பாக்குறாரு. செயின மாட்டுறாரு, அது தலைகீழா இருக்குது. மறுபடி கழட்டுறாரு. கழட்டறது மட்டும் சர்ருனு வருது சார். ‘என்னா பாய், வெளையாடுறீங்களா?’ன்னேன். நிமிந்து பாத்தாரு. வேர்த்து ஊத்துது. ‘எனக்கு மாட்டத் தெரியாதும்மா’ன்றாரு.”

“என்னது?”

“அதேதான் நானும் கேட்டேன். ‘அங்க கழட்ட மட்டும்தாம்மா விட்டாங்க. ஒம்போது வருசத்துல ஒரு சாமானக்கூட திரும்ப மாட்டச் சொல்லி யாரும் சொல்லல. கழட்டிக் கழட்டிப் போட்டுட்டுப் போயிக்கினே இருக்கணும். எது எங்க இருந்துச்சுன்னு என் கண்ணுக்கு நிக்காதும்மா’ன்றாரு. பெல்லு அடிச்சிட்டாங்க சார்.”

வாட்ச்மேனும் இன்னொருவரும் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து, அவளை அதில் உட்காரவைத்து, மைதானத்தைத் தாண்டி, தேர்வுக் கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். வரிசையாக உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் நடுவில்.

“கண்ண மூடிக்கிட்டேன்,” என்றாள். “மொத பக்கம் பூரா தப்பு சார். கை ஆடுது. ரெண்டாவது பக்கத்துலதான் நின்னுச்சு.”

“பாய் என்ன பண்ணினார்?”

“வெளிய வந்து பாத்தா, யாரோ சைக்கிள் கடைக்காரன இட்டாந்து மாட்ட வச்சிட்டாரு. அவன் மாட்டுறத பக்கத்துல குந்திக்கிட்டு அப்பிடியே பாத்துக்கினு இருக்காரு. நான் திட்டணும்னுதான் வந்தேன். வாய் வரல.”

சாயங்காலம் அந்த டெம்போ வந்து வண்டியை ஏற்றிக்கொண்டது. பாய் அவளை உட்காரவைத்துக்கொண்டு, மரக்காணம் வரைக்கும் டெம்போவின் வேகத்திலேயே, அதன் பின்னாலேயே ஓட்டி வந்திருக்கிறார். குடையை முன் சீட்டுக்கு மாற்றியிருந்தாராம்.

ஜூலையில் தேர்வு முடிவு வந்தது. அஞ்சலை தேறிவிட்டாள். இரண்டாம் வகுப்பு. அடுத்த வருடம் மீண்டும் எழுதலாம், அதற்கு விதி இருக்கிறது என்று எடுத்துச் சொன்னேன். “தெரியும் சார், ஃபாரம் வாங்கிட்டேன்,” என்றாள். அவளுடைய வண்டி அதற்குப் பிறகு கொஞ்சம் இடது பக்கம் இழுத்தது. அவள் வலது கையை அழுத்திப் பழகிக்கொண்டாள்.

பாய் இந்தப் பக்கம் வருவது நின்றுவிட்டது. மரத்தடியில் வந்து உட்காரும் வெள்ளைக்காரர்கள் அவருக்கு போன் செய்தால், தட்டு இல்லை என்று சொல்லி வேறு ஒருவரை அனுப்பிவிடுவார். வருகிறவர் சக்கரங்களைக் கழற்றுவார். இரும்புக் கடையில் போடாமல் அந்தத் தட்டை வீட்டுச் சுவரில் சாய்த்து வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். திரும்ப வெல்டிங் வைக்கலாமே என்று நான் சொல்லி அனுப்பியதற்குப் பதில் இல்லை.

பிறகு ஒரு நாள் தபாலில் பழுப்பு உறை வந்தது. உள்ளே இரண்டு வரி. மனுதாரர் குறிப்பிடும் தட்டு பொருத்தப்பட்டிருப்பதில் இந்த அலுவலகத்துக்கு ஆட்சேபணை இல்லை. பதிவெண் தெரியும்படி இன்னொரு பலகை வைத்துக்கொண்டால் போதுமானது. கடிதத்தின் தலையில் இருந்த தேதியைப் பார்த்தேன். மே மாதம் முதல் வாரம். அதாவது, அவர் தட்டை அறுப்பதற்கு முன்பே கையெழுத்தாகிவிட்டது. கையெழுத்துக்கும் அனுப்புகைக்கும் நடுவில் ஒரு மேஜை உண்டு. அந்த மேஜையின் அறையில் நான் ஆறு வருடம் உட்கார்ந்திருந்தேன். கடிதங்கள் அதில் எப்படித் தூங்கும் என்பது எனக்குத் தெரியும்.

பாய்க்கு போன் செய்தேன். பின்னால் ஏதோ கல்யாண வீட்டுச் சத்தம், சவாரியில் இருந்தார்.

“பாய், பதில் வந்துடுச்சு.”

“வந்துச்சுங்களா?” என்றார். பிறகு, “என்னா எழுதியிருக்காங்க?”

இரண்டு வரியையும் படித்தேன். கல்யாண வீட்டுச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

“சார்,” என்றார். “தேதி என்னா போட்டிருக்குது?”

முதல் வரிக்கு மேலே, வலது மூலையில், தெளிவாகத் தட்டச்சு செய்திருந்தது. கட்டைவிரலை அதன் மேல் வைத்துக்கொண்டேன்.

“இப்பதான் போட்டிருக்காங்க பாய்,” என்று சொல்லி, சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துப் படித்தேன். 2006 ஆகஸ்ட் 18, வெள்ளிக்கிழமை.